கவர் பேண்டில் வாசிக்கும் பேஸ் கலைஞர்களே, உங்கள் பிக்கப் அனுபவம் என்ன?

நான்குகம்பி:

பேஸ் கிட்டாருக்குப் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்னலையாக மாற்றும் காந்தச் சுருள்) தேடும்போது நாம் எல்லோரும் காணொளிகளைத்தான் பார்க்கிறோம். அதில் ஒருவர் தனியாக உட்கார்ந்து நிதானமாக வாசித்துக் காட்டுகிறார். டிரம்ஸ், இரண்டு கிட்டார், கீபோர்டு, பாடகர்கள் என்று எல்லோரும் ஒரே நேரத்தில் ஒலிக்கும்போது அந்தப் பிக்கப் என்ன ஆகிறது என்பதை யாரும் காட்டுவதில்லை. கவர் பேண்டில், அதாவது பிறர் பாடல்களை மேடையில் வாசிக்கும் குழுவில், வாசிக்கிறவர்களுக்கு வேண்டியது அதுதான். மேடையில் நேர்ந்ததை எழுதுங்கள். என் அனுபவத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் குழுவின் பாடல் வரிசையில் 60களின் சோல், 70களின் டிஸ்கோ, கனமான ராக், மெதுவான காதல் பாடல்கள் எல்லாமே உண்டு. நெடுங்காலம் ஃபெண்டர் நிறுவனத்தின் ‘ஜாஸ் பேஸ்’ என்ற மாதிரியைத்தான் வாசித்து வந்தேன். இரண்டு பிக்கப்பையும் முழுதாகத் திறந்துவிட்டால், வீட்டில் கேட்க அவ்வளவு அழகாக இருக்கும். அடியில் ஆழம், மேலே மினுமினுப்பு. மேடையில் அதே ஒலி கரைந்துபோகும். எங்கள் பாடகி ஒவ்வொரு பாட்டின் தொடக்கத்திலும் மெல்ல என் பக்கம் நகர்ந்து வருவார். ஆம்ப்பின் (ஒலிபெருக்கியின்) அருகே தலையைச் சாய்த்துச் சுருதியைப் பிடித்துக்கொண்டு தன் மைக்குக்குத் திரும்புவார். வால்யூமைக் கூட்டினால் மேடைப் பலகைதான் அதிர்ந்தது, ஸ்வரம் தெளியவில்லை.

இதற்குக் காரணம் உண்டு. பேஸின் தடித்த கம்பியைத் திறந்து மீட்டினால் வரும் ‘ஈ’ ஸ்வரம் 41 ஹெர்ட்ஸ். கிக் டிரம்மும் கூடத்தின் அதிர்வும் சேர்ந்து அந்தப் பகுதியை விழுங்கிவிடுகின்றன. குழுவின் சத்தத்துக்கு நடுவே பேஸ் எந்த ஸ்வரத்தில் இருக்கிறது என்பதைக் காது கண்டுகொள்வது அதற்கு மேலே, சில நூறு ஹெர்ட்ஸில் ஒலிக்கும் மேற்சுரங்களைக் கொண்டுதான். ஜாஸ் பேஸின் இரண்டு பிக்கப்புகளும் ஒரே கம்பியை இரண்டு இடங்களில் கேட்கின்றன. இரண்டையும் சம அளவில் கலக்கும்போது நடுப்பகுதியில் சில அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. தனியறையில் நம்மை மயக்கும் மினுமினுப்பே இந்தப் பள்ளத்தால் வருவதுதான்.

பிறகு அதே நிறுவனத்தின் பிரிசிஷன் பேஸுக்கு மாறினேன். 1951இல் லியோ ஃபெண்டர் அதை வெளியிட்டபோது அதில் இருந்தது ஒற்றைச் சுருள். இன்று நமக்குத் தெரிந்த, இரண்டு துண்டாகப் பிளந்த பிக்கப் 1957இல் வந்தது. ஒவ்வொரு துண்டும் இரண்டு கம்பிகளைக் கவனிக்கும். மோடவுன் என்ற சோல் இசை நிறுவனத்தின் பதிவுகளில் பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்தது 1962ஆம் ஆண்டின் பிரிசிஷன், அதில் வழவழப்பான தட்டைச்சுற்றுக் கம்பிகள். அவர் வாசித்த வரிகளை நாங்களும் மேடையில் வாசிப்பதால், அந்தத் தடித்த நடுக்குரல் எங்களுக்கு அப்படியே பொருந்தியது. அல்நிக்கோ 5 என்ற உலோகக் கலவைக் காந்தம் கொண்ட, பழைய பாணியில் சுற்றிய பிக்கப் ஒன்றைப் பொருத்தினேன். வீட்டில் தனியாகக் கேட்டால் அது மூக்கடைத்தவர் பேசுவதுபோல இருக்கிறது. ஒத்திகையில் டிரம்ஸும் கிட்டாரும் சேர்ந்ததும் ஒவ்வொரு ஸ்வரமும் தனித்து நின்றது. பாடகி தன் இடத்தை விட்டு நகரவே இல்லை. அதுதான் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய சான்று.

அடிநாதம்:

நண்பர் சொன்ன காரணம் முற்றிலும் சரி. முடிவைத்தான் நான் ஏற்கவில்லை. ஜாஸ் பேஸில் இரண்டு வால்யூம் குமிழ்கள் வைத்திருப்பதே இரண்டையும் எப்போதும் முழுதாகத் திறந்து வைக்காமல் இருப்பதற்காகத்தான். ஒரு பிக்கப்பைச் சற்றே குறைத்துப் பாருங்கள், அந்தப் பள்ளம் பெரும்பாலும் தூர்ந்துவிடும். பேஸ் கலைஞர் ஜாகோ பாஸ்டோரியஸின் பேஸ் ஒலி பிரிட்ஜ் (கம்பிகளைத் தாங்கும் அடிமுனை) பக்கத்துப் பிக்கப்பிலிருந்து வந்தது. மார்கஸ் மில்லர் தன் 1977 ஜாஸ் பேஸில் கட்டைவிரலால் அடித்து வாசிக்கும் ஒலி வேறொரு உலகம். இருவர் கையிலும் இருந்தது ஒரே வகைப் பேஸ்தான்.

கவர் பேண்டுக்கு இந்தப் பலகுரல்தான் பலம் என்று உறுதியாக நினைக்கிறேன். சோல் பாட்டு வந்தால் நெக் (கழுத்து) பக்கத்துப் பிக்கப்பை மட்டும் திறந்து டோன் குமிழைப் பாதி மூடுவேன். வேகமான வரிகள் ஒவ்வொரு ஸ்வரமாகக் கேட்க வேண்டுமானால் பிரிட்ஜ் பிக்கப்பை மேலே கொண்டுவருவேன். காதல் பாட்டில் கிட்டாரும் கீபோர்டும் நடுப்பகுதியை நிரப்பிவிட்டால் பேஸ் ஒதுங்கி நிற்பதே அழகு. அங்கே இரண்டையும் முழுதாகத் திறப்பேன். நண்பர் குறை சொன்ன அதே பள்ளம் அந்தப் பாட்டில் பாடகருக்கு இடம் விடுகிறது.

இதற்கு நான் கொடுத்த விலை இரைச்சல். இரண்டு சுருள்களும் எதிரெதிராகச் சுற்றப்பட்டு, எதிரெதிர்க் காந்த முனைகளோடு இருப்பதால் இரண்டும் முழுதாகத் திறந்திருக்கும்போது ஹம் என்ற மின் முரலொலி அடங்கிவிடும். ஒன்றைக் குறைத்த நொடியே அது எட்டிப் பார்க்கும். ஒருமுறை மேடை விளக்குகளை மங்கலாக்கும் கருவிக்குப் பக்கத்தில் என்னை நிறுத்திவிட்டார்கள். பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையில் ஊமை நிமிடமே இல்லை, ஒரே ‘ங்ங்ங்’ ஒலி. உடம்பை மெல்லத் திருப்பத் திருப்ப அது குறைந்து, ஒரு குறிப்பிட்ட கோணத்தில் ஏறக்குறைய மறைந்தது. அந்தக் கோணத்தில் நின்றால் என் முகம் பக்கத்துச் சுவரைப் பார்த்திருந்தது. அன்று நிகழ்ச்சி முழுவதும் அப்படியேதான் வாசித்தேன்.

பேஸின் உட்குழியில் செம்புத்தாள் ஒட்டினால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று பலர் சொல்வார்கள். அது ‘கிர்’ரென்று கேட்கும் மின்னிரைச்சலை நன்றாகக் குறைக்கும். மின்மாற்றிகளின் காந்தப்புலத்திலிருந்து வரும் ஹம்மை அது தடுக்காது. நாட்டைப் பொறுத்து 50 அல்லது 60 ஹெர்ட்ஸில் கேட்கும் அந்த ஒலிக்கு மருந்து சுருளில்தான் இருக்கிறது. அதனால் ஜாஸ் அளவுக் கூட்டுக்குள்ளேயே இரண்டு சுருள்கள் அமைந்த, ஹம் அடக்கும் பிக்கப்புகளுக்கு மாறினேன். மேல் ஒலியின் கூர்மை கொஞ்சம் குறைந்தது உண்மைதான். குழுவோடு வாசிக்கும்போது அதை யாரும் தேடவில்லை, நானும் தேடவில்லை.

மேசைக்குப்பின்:

நான் பேஸ் வாசிப்பவன் இல்லை. கவர் பேண்டுகளுக்கு ஒலி மேசையைக் கவனிப்பவன். பேஸ் என்னிடம் எப்படி வந்து சேர்கிறது என்பதைச் சொல்கிறேன்.

மேடையில் பேஸ் கேட்கவில்லை என்றால் வாசிப்பவர்கள் முதலில் திருப்புவது ஆம்ப்பின் ‘பேஸ்’ (அடியொலி) குமிழைத்தான். அதனால் கூடம் முழுவதும் குமுறும், கிக் டிரம் மூழ்கும். மேசையில் நான் செய்வது பெரும்பாலும் அதற்கு நேர்மாறானது: அடியைக் குறைத்து, நடுப்பகுதியைச் சற்று உயர்த்துவேன். நடுப்பகுதி ஏற்கெனவே இருக்கும் பிக்கப் என்றால் நான் கையை வைக்கவே தேவையில்லை. பிரிசிஷன் பேஸ் வந்தால் என் வேலை பாதி குறைகிறது என்று நான்குகம்பிக்கு ஆதரவாகவே சாட்சி சொல்வேன்.

ஆனால் பிக்கப்பைவிட என்னைச் சிரமப்படுத்துவது அளவு வித்தியாசம். ஒரு குழுவின் பேஸ் கலைஞர் நல்ல திறமைசாலி, இரண்டு பேஸ் கொண்டுவருவார். ஒன்று பேட்டரி இல்லாத சாதாரண பாஸிவ் பேஸ், மற்றொன்று ஸ்டிங்ரே என்ற மாதிரி. 1976இல் வந்த அந்த வடிவத்தில் பெரிய ஹம்பக்கர் (ஹம் அடக்கும் இரட்டைச் சுருள்) பிக்கப்பும் உள்ளேயே பேட்டரியில் இயங்கி ஒலியை உயர்த்தும் பிரீஆம்பும் இருக்கும். ‘ஷிக்’ குழுவின் பெர்னார்ட் எட்வர்ட்ஸ் போன்றவர்களால் டிஸ்கோவின் அடையாளமாகவே அந்த ஒலி ஆகிவிட்டது. பாட்டுக்கு நடுவில் அவர் பேஸை மாற்றியவுடன் மேசையில் சிவப்பு விளக்கு எரியும். காதல் பாட்டில் அதன் மேல் ஒலி பாடகியின் மெய்யெழுத்துகளோடு மோதும். பிறகு அவரே ஒரு வழி கண்டார். ஒலிச் சோதனையின்போது இரண்டு பேஸிலும் ஒரே வரியை, தன் கை எவ்வளவு பலமாக அடிக்குமோ அவ்வளவு பலமாக வாசித்து, ஸ்டிங்ரேயின் வால்யூம் குமிழைக் குறைத்து, அந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு எங்களுக்குள் ஒரு பேச்சுகூடத் தேவைப்பட்டதில்லை.

ஆக்டிவ், அதாவது பேட்டரியில் இயங்கும், பிக்கப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அதன் வெளியீடு தாழ்ந்த மின்தடையில் வருவதால் நீளமான கேபிளிலும் மேல் ஒலி மங்காது. பெரிய மேடையில் அது எனக்கு மிகவும் பிடித்த குணம். ஆனால் பெரும்பாலான பேஸ்களில் ஜாக்கில் கேபிள் செருகியிருக்கும் வரை பேட்டரி செலவாகிக்கொண்டே இருக்கும். இடைவேளையில் கேபிளைக் கழற்றிவிடுங்கள். பேட்டரி தீரும்போது ஒலி சட்டென்று நிற்காது. முதலில் கரகரக்கும், கனமான ஸ்வரங்கள் உடையும். கேபிள் பழுதோ ஸ்பீக்கர் பழுதோ என்று நான் மேடையெல்லாம் தேடிக்கொண்டிருப்பேன்.

செம்புச்சுருள்:

பேஸ் கிட்டார் பழுதுபார்ப்பது என் தொழில். பிக்கப் மாற்ற வேண்டும் என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது ‘இதன் உயரத்தை எப்போதாவது திருத்தியிருக்கிறீர்களா?’ என்பதுதான். பலர் பிக்கப்பின் ஓரத்தில் இருக்கும் திருகுகளைத் தொட்டதே இல்லை.

கடைசி ஃபிரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கட்டையில்) கம்பியை அழுத்திப் பிடியுங்கள். கம்பியின் அடிப்பக்கத்துக்கும் காந்தத்தின் தலைக்கும் இடையே தடித்த கம்பியில் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர், மெல்லிய கம்பியில் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் இருந்தால் அது நல்ல தொடக்கம். அங்கிருந்து காதை நம்பி ஏற்றி இறக்குங்கள். மிக நெருங்கினால் காந்தமே கம்பியை இழுக்கும். ஸ்வரம் நடுங்கும், மேல் ஃபிரெட்டுகளில் சுருதி நிற்காது. பிரிசிஷனில் இரண்டு துண்டுகளையும் தனித்தனியே ஏற்றி இறக்கலாம். மெல்லிய கம்பிகள் மேடையில் காணாமல் போகின்றன என்று ஒருவர் வந்தார். அந்தப் பக்கத்துத் துண்டைச் சற்று ஏற்றிக் கொடுத்தேன், புதிய பிக்கப் வாங்காமலேயே திரும்பிப் போனார்.

மின்தடையைப் பார்த்து வாங்காதீர்கள் என்றும் சொல்வேன். பிரிசிஷன் பிக்கப் 10 அல்லது 11 கிலோஓம், ஜாஸ் 7 அல்லது 8 கிலோஓம் காட்டுவது வழக்கம். எண் கூடினால் சத்தம் கூடும் என்று நினைக்கிறார்கள். செம்புக் கம்பியின் தடிமன் மாறினாலே அந்த எண் மாறும். எந்தக் காந்தம், எத்தனை சுற்று என்பதெல்லாம் சேர்ந்துதான் குரலைத் தீர்மானிக்கின்றன. கூடவே குமிழ்களையும் கவனியுங்கள். பாஸிவ் பிக்கப்புக்கு 250 கிலோஓம் பொட்டென்ஷியோமீட்டர் (குமிழுக்கு அடியிலுள்ள மாறு மின்தடை) வழக்கம், ஆக்டிவ் பிக்கப்புகள் பலவற்றுக்கு 25 கிலோஓம். பழைய குமிழ்களை அப்படியே விட்டு ஆக்டிவ் பிக்கப்பைப் பற்றவைத்தால், குமிழைக் கொஞ்சம் திருப்பியதுமே ஒலி ஒரேயடியாக எழும்பும், இடைப்பட்ட அளவே கிடைக்காது.

நான்குகம்பி:

மேசைக்குப்பின் ஐயாவுக்கும் செம்புச்சுருள் அண்ணனுக்கும் நன்றி. அடிநாதம் சொன்னதைப் படித்த பிறகு எனக்கும் ஆசை வருகிறது. என் பிரிசிஷனிலேயே பிரிட்ஜ் பக்கம் ஜாஸ் பிக்கப் ஒன்றைச் சேர்த்து ‘பிஜே’ ஆக்கலாமா? சோல் பாட்டுகளுக்கு இப்போது இருப்பதே போதும். டிஸ்கோ வரிகளில்தான் கடிப்பு போதவில்லை.

செம்புச்சுருள்:

தாராளமாகச் செய்யலாம் தம்பி, இரண்டு விஷயத்தை மட்டும் கவனியுங்கள். பிரிசிஷன் பிக்கப் தனக்குள்ளேயே ஹம்மை அடக்கிக்கொள்ளும், சாதாரண ஜாஸ் பிக்கப் அப்படியல்ல. அதைத் திறந்தவுடன் ஹம் வரும். அதனால் அடிநாதம் வைத்திருப்பதுபோன்ற ஹம் அடக்கும் வகையையே வாங்குங்கள். அடுத்து, பிரிட்ஜ் அருகே கம்பி குறைவாகவே அசையும். அங்கே வைக்கும் பிக்கப் கொஞ்சம் வலுவானதாக இருந்தால்தான் பிரிசிஷனுக்கு ஈடுகொடுக்கும்.

வாங்கும்போது ‘பிரிட்ஜ்’ என்று குறிப்பிட்டதாகக் கேட்டு வாங்குங்கள். ஜாஸ் பேஸின் நெக் பிக்கப்பைவிடப் பிரிட்ஜ் பிக்கப் சில மில்லிமீட்டர் நீளம். பிக்கப் கைக்கு வந்து, அதை அளந்த பிறகே மரத்தில் குழி வெட்டக் கொடுங்கள்.