கமேலியா மொட்டு எல்லாம் கொட்டுது, என்ன பண்றது?

பெங்களூரு ஜெயநகர்ல மொட்டை மாடில தொட்டில கமேலியா வச்சிருக்கேன், மொட்டு நிறைய வருது ஆனா விரியறதுக்குள்ள பழுப்பாகி விழுந்துடுது, பாக்கவே மனசு கேக்கல. போர் தண்ணிதான் ஊத்தறேன்.

பதில்: அந்த தண்ணிய மொதல்ல மாத்துங்க. இது தேயிலைக்கு சொந்தக்கார செடி, அமில மண்ணு வேணும், பிஹெச் (மண்ணோட அமில அளவு) 5.5ல இருந்து 6.5க்குள்ள இருக்கணும், உப்புத்தண்ணில சுண்ணாம்பு ஏறி இலையும் மஞ்சளாயிடும். மழைத்தண்ணி பிடிச்சு வைங்க. மொட்டு வச்சப்புறம் மண்ணு ஒரு தடவ நல்லா காஞ்சாலே போதும், கொட்டிடும்.

பதில்: மாடி வெயிலும் ஆகாதுங்க, காலை வெயில் மட்டும் போதும். கவாத்து, அதாவது கிளை வெட்டறத, பூ முடிஞ்ச உடனே பண்ணிடுங்க, லேட்டானா அடுத்த சீசன் மொட்டையே வெட்டிடுவோம். எங்க ஏரியா தோட்ட கிளப்ல மாசம் ஒரு ஞாயிறு கூடுவோம், கட்டிங் மாத்திக்குவோம், ஜனவரில லால்பாக் மலர் கண்காட்சிக்கு சேர்ந்தே போவோம். செடியோட வாங்க.

ரொம்ப நன்றிங்க, இன்னிக்கே டிரம் வாங்கறேன். ஞாயிறு எத்தனை மணிக்கு?