'டர்ன் எ பிளைண்ட் ஐ' என்றால் 'கவனிக்கவில்லை' என்று அர்த்தம் வராதா?

கேள்வி:
நேற்று ஆபீசில் ஒரு சங்கடம். மேனேஜர் போன வாரம் அனுப்பிய மெயில் என் கண்ணிலேயே படவில்லை, எங்கோ கீழே போய்விட்டது. மன்னிப்பு கேட்கும்போது இங்கிலீஷ் கொஞ்சம் கெத்தாக இருக்கட்டுமே என்று 'சாரி, ஐ டர்ன்டு எ பிளைண்ட் ஐ டு யுவர் மெயில்' என்று எழுதிவிட்டேன். உடனே கூப்பிட்டு, "வேணும்னே விட்டுட்டு அதை எழுத்துல வேற குடுக்கறீங்களா?" என்கிறார். குருட்டுக் கண் என்றால் தெரியவில்லை என்றுதானே அர்த்தம்?

பதில் 1:
போச்சு! நாம் 'கண்டும் காணாமல் விடுவது' என்கிறோமே, அதேதான் இது. அதில் 'கண்டும்' என்பதுதான் முக்கியம். லாரியில் அளவுக்கு மேல் மணல் போகிறது, செக்போஸ்ட்டில் நிற்பவர் பார்க்கிறார், பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறார் என்றால் அங்கே சொல்ல வேண்டிய வார்த்தை. உங்களுக்கு 'ஐ மிஸ்டு யுவர் மெயில்' போதும்.

பதில் 2:
இதற்குப் பின்னால் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனின் கதை ஒன்று உண்டு. 1794இல் கோர்சிகா தீவில் கல்வி என்ற ஊர் முற்றுகையில் (நம்ம கல்வி இல்லை, ஊர்ப் பெயர்) அவருக்கு வலது கண் பார்வை போனது. 1801 ஏப்ரல் 2, கோபன்ஹேகன் சண்டையில் மேலதிகாரி ஹைட் பார்க்கர் 'சண்டையை நிறுத்து' என்று கொடி காட்டினார். நெல்சன், எனக்கு ஒரு கண்தான், சில சமயம் குருடாக இருக்க எனக்கு உரிமை உண்டு என்று பக்கத்தில் இருந்த கேப்டனிடம் சொல்லிவிட்டு சண்டையைத் தொடர்ந்தாராம். தொலைநோக்கியை அந்தக் கண்ணில் வைத்துப் பார்த்தார் என்பது பிற்காலத்து மசாலா என்று சந்தேகிப்பவர்களும் உண்டு. எப்படியோ, அவருக்குக் கொடி தெரியும். உங்கள் மேனேஜர் கோபப்பட்டதில் நியாயம் இருக்கிறது!

பதில் 3:
'ஐ ஓவர்லுக்டு யுவர் மெயில்' என்றும் எழுதலாம், தவறுதலாக விட்டுப்போனது என்று வரும். ஆனால் அதே வார்த்தையை 'ப்ளீஸ் ஓவர்லுக் மை மிஸ்டேக்' என்று போட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று மாறிவிடும், ஜாக்கிரதை. அப்புறம் 'டர்ன் எ டெஃப் இயர்' பக்கமும் போய்விடாதீர்கள். அது கேட்டதைக் காதிலேயே போட்டுக்கொள்ளாமல் இருப்பது.

கேட்டவர்:
நன்றி மக்களே. அந்த டெஃப் இயரைத்தான் அடுத்த மெயிலுக்கு எடுத்து வைத்திருந்தேன்.