பம்ப் ஓடினால் விளக்கு மங்குகிறது, எனாமல் காயவில்லை: வீட்டில் கட்டும் 14 அடி மோட்டார் படகுக்கு உதவி தேவை

திருப்பாலைத் தச்சர்

அனைவருக்கும் வணக்கம். மதுரை திருப்பாலையில் வீட்டுக்குப் பின்னால் உள்ள கொட்டகையில் 14 அடி நீள மோட்டார் படகு ஒன்றைக் கட்டி வருகிறேன். ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட். பலகைகளைச் செம்புக் கம்பியால் தைத்து, எப்பாக்ஸியால் (இரண்டு பாகம் கலந்து இறுகும் பிசின்) ஒட்டி, வெளிப்பக்கம் கண்ணாடி இழைத் துணி போர்த்தியிருக்கிறேன். பின்பலகையில் 9.9 குதிரைத்திறன் அவுட்போர்டு எஞ்சின், எலக்ட்ரிக் ஸ்டார்ட். தொண்டியில் என் மாமா கடல் தொழிலில் இருக்கிறார். அவரோடு கரையோரம் போய்த் தூண்டில் போட வேண்டும் என்பது சிறு வயது ஆசை. மரவேலை முழுவதும் மனத்துக்கு நிறைவாக வந்திருக்கிறது. வயரிங்கிலும் பெயிண்டிலும்தான் நிற்கிறேன்.

முதல் பிரச்சினை: பேட்டரி பின் இருக்கைக்குக் கீழே இருக்கிறது. அங்கிருந்து படகின் நடுவில் உள்ள சுவிட்ச் பலகைக்கு 1 ஸ்கொயர் (குறுக்குவெட்டு 1 சதுர மி.மீ.) வயர் போகிறது. சிவப்பு, பச்சை, வெள்ளை விளக்குகள் மூன்றும் பல்பு வகை. அடியில் சேரும் தண்ணீரை இறைக்கும் பில்ஜ் பம்ப் பின்பக்கம் இருக்கிறது. விளக்குகளை மட்டும் போட்டால் நன்றாக எரிகின்றன. பம்பைப் போட்டவுடன் மூன்றும் மங்குகின்றன, பம்பும் சோர்ந்து ஓடுகிறது. பேட்டரி புதியது, ஓய்வில் 12.7 வோல்ட் காட்டுகிறது.

இரண்டாவது: உள்பக்க எப்பாக்ஸியின் மேல் சாதாரண எனாமல் பெயிண்ட் ஒரு கோட் அடித்தேன். ஒரு வாரம் கடந்தும் விரல் ஒட்டுகிறது.

இரண்டுக்கும் வழி சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கோச்சடை வாசகர்

பேட்டரி சிறியதாக இருக்கலாம். ஒரு பெரிய பேட்டரி வைத்துப் பாருங்கள், சரியாகிவிடும்.

மாட்டுத்தாவணி ஆட்டோ எலக்ட்ரீசியன்

பேட்டரி வாங்கக் கிளம்ப வேண்டாம். லாரியில் ஹெட்லைட் மங்குகிறது என்று வருபவர்களில் பலர் ஏற்கெனவே பேட்டரி மாற்றிவிட்டுத்தான் என்னிடம் வருகிறார்கள். பணம் போய், குறை அப்படியே இருக்கும்.

தச்சர் ஐயா, 12.7 என்பது சும்மா இருக்கும்போது வரும் அளவு. சும்மா இருக்கும்போது ஒற்றை இழை பிடித்துக்கொண்டிருக்கும் இணைப்பும் முழு வோல்டேஜைக் காட்டும். மின்னோட்டம் போனால்தான் அதன் குறை வெளியே வரும். ஆகவே விளக்கும் பம்பும் ஓடிக்கொண்டிருக்கும்போது மல்டிமீட்டரை 20 வோல்ட் டி.சி.யில் வைத்து இவற்றை அளந்து சொல்லுங்கள். பேட்டரியின் இரண்டு முனைகளுக்கு இடையே எவ்வளவு? பம்பின் இரண்டு வயர்களுக்கு இடையே எவ்வளவு? பிறகு பேட்டரியின் பாசிட்டிவ் முனையில் ஒரு கம்பியும் பம்பின் பாசிட்டிவ் வயரில் மறு கம்பியும் வைத்தால் எவ்வளவு? நெகட்டிவிலும் அதே போல.

கடைசி இரண்டும்தான் முக்கியம். வழியில் எவ்வளவு தொலைகிறது என்பதை மீட்டர் நேராகவே சொல்லிவிடும். மின்னோட்டத்தையும் ஆம்பியரில் அளக்க முடிந்தால் நல்லது.

திருப்பாலைத் தச்சர்

அளந்துவிட்டேன் ஐயா. பேட்டரியில் 12.5. பம்பில் 9.9. பாசிட்டிவ் வழியில் 0.5. நெகட்டிவ் வழியில் 2.1. பம்ப் 4 ஆம்பியர், விளக்குகள் மூன்றும் சேர்ந்து 2 ஆம்பியர் எடுக்கின்றன. பேட்டரியிலிருந்து பலகைக்கு இரண்டரை மீட்டர், பலகையிலிருந்து பம்புக்கு இரண்டரை மீட்டர். விளக்கு, பம்ப் எல்லாவற்றின் நெகட்டிவும் பலகையில் ஒன்றுசேர்ந்து ஒரே வயராகப் பேட்டரிக்குத் திரும்புகின்றன.

மாட்டுத்தாவணி ஆட்டோ எலக்ட்ரீசியன்

கச்சிதமாக அளந்திருக்கிறீர்கள். ஓட்டத்தில் 12.5 தாங்குகிறது என்றால் பேட்டரிக்கு ஒரு குறையும் இல்லை.

கணக்கைப் பாருங்கள். ஒரு மீட்டர் நீளமும் 1 ஸ்கொயர் தடிமனும் உள்ள செம்பு வயரின் மின்தடை ஏறத்தாழ 0.0175 ஓம். பலகை வரை இரண்டரை மீட்டரில் 6 ஆம்பியர் போனால் 0.26 வோல்ட் தொலையும். அங்கிருந்து பம்புக்கு 4 ஆம்பியர் போவதால் இன்னொரு 0.18. மொத்தம் 0.44. சுவிட்ச், பியூஸ் இவற்றையும் சேர்த்தால் பாசிட்டிவில் நீங்கள் கண்ட 0.5 நியாயமானது. நெகட்டிவிலும் அதே வயர், அதே நீளம். அங்கே 2.1 எப்படி வரும்? ஒன்றரை வோல்ட்டுக்கு மேல் ஏதோ ஓர் இணைப்பு விழுங்குகிறது. அது பலகைக்கும் பேட்டரிக்கும் நடுவிலுள்ள பொது வயரில்தான் இருக்க வேண்டும். அதனால்தான் பம்ப் ஓடும்போது விளக்கும் சேர்ந்து மங்குகிறது. குறை பம்பின் தனி வயரில் இருந்தால் விளக்கு இவ்வளவு மங்காது.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஒன்றரை வோல்ட்டை 6 ஆம்பியரால் பெருக்கினால் 9 வாட். அவ்வளவு வெப்பமும் கடுகளவு இடத்தில் உண்டாகிறது. உங்கள் பெட்ரோல் டேங்க் எங்கே இருக்கிறது? பின் இருக்கைக்குக் கீழே என்றால், விளக்கை மறந்துவிட்டு இன்றே அந்த இணைப்பைத் தேடுங்கள். பேட்டரி முனையில் ஒரு கம்பியை வைத்துக்கொண்டு மறு கம்பியை ஒவ்வோர் இணைப்பாக நகர்த்திக்கொண்டே போங்கள். அளவு எங்கே சட்டென்று குதிக்கிறதோ அங்கே இருக்கிறது.

திருப்பாலைத் தச்சர்

கண்டுபிடித்தாயிற்று. பின் இருக்கைக்கு அடியில் நெகட்டிவ் வயரில் ஓர் ஒட்டு இருந்தது. முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றிய ஒட்டு. தொட்டால் கை சுடுகிறது, டேப்பின் பசை உருகி வழிந்திருக்கிறது. பிரித்துப் பார்த்தால் இழைகள் கறுத்துப்போய், பாதி அறுந்திருக்கின்றன. டேங்க்கை உடனே கொட்டகைக்கு வெளியே எடுத்து வைத்துவிட்டேன். அந்த ஒட்டை மட்டும் சரிசெய்தால் போதுமா, முழுவதையும் மாற்ற வேண்டுமா?

மாட்டுத்தாவணி ஆட்டோ எலக்ட்ரீசியன்

படகு தண்ணீரில் இறங்கும் முன்பே தெரிந்ததற்குச் சந்தோஷப்படுங்கள். முழுவதையும் மாற்றச் சொல்வேன். வீட்டு வயரில் இழைகள் தடித்தவை, எண்ணிக்கையும் குறைவு. எஞ்சின் அதிர்வில் வளைகிற இடத்தில் ஒவ்வொன்றாக முறியும். படகுக்கு மெல்லிய இழைகள் நிறைய உள்ள வயர் வேண்டும். டின் பூசிய செம்பு கிடைத்தால் அதுவே வாங்குங்கள். பூசாத செம்பு உப்புக்காற்றில் உறைக்குள்ளேயே வெகுதூரம் கறுத்துவிடும்.

பேட்டரியிலிருந்து பலகைக்கு 6 ஸ்கொயர், பம்புக்கு இரண்டரை ஸ்கொயர், விளக்குகளுக்கு ஒன்றரை ஸ்கொயர் போதும். பலகைக்குப் பின்னால் நெகட்டிவுக்கென்று ஒரு செம்புப் பட்டை வைத்து, ஒவ்வொரு வயரையும் தனித்தனி லக் (வயர் முனையில் மாட்டும் உலோக வளையம்) போட்டுத் திருகில் இறுக்குங்கள். நடுவழியில் ஒட்டு வேண்டாம். தவிர்க்க முடியாத இடத்தில் ராட்செட் வகைக் கிரிம்பிங் கருவியால் அழுத்தி, உள்ளே பசை உள்ள, சூடுகாட்டினால் சுருங்கிப் பிடிக்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் போடுங்கள். பற்றவைப்பை மட்டும் நம்ப வேண்டாம். ஈயம் ஊறிய இடத்துக்கும் ஊறாத இடத்துக்கும் நடுவே வயர் விறைத்து முறிகிறது.

முதன்மை பியூஸ் பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்க வேண்டும். பலகையில் வைத்தால் இடைப்பட்ட வயருக்குக் காவல் இல்லை. பியூஸ் காப்பது வயரை. ஆகவே அந்தப் பாதையிலுள்ள மிக மெல்லிய வயர் தாங்குவதற்கு மேல் போடக் கூடாது. எஞ்சின் ஸ்டார்ட்டருக்குப் போகும் தடித்த கேபிள் தனி, அதை இதோடு சேர்க்க வேண்டாம்.

பம்ப்புக்கு இரண்டு வழி கொடுங்கள். மிதவை சுவிட்ச் வழியாக, மெயின் சுவிட்சைத் தொடாமல், தனி பியூஸோடு நேரே பேட்டரிக்கு ஒன்று. பலகையில் கையால் போடும் சுவிட்ச் மற்றொன்று. மெயினை அணைத்துவிட்டு நீங்கள் கரைக்குப் போன பிறகும் மழைத் தண்ணீரை அது இறைக்க வேண்டும். பியூஸ் அளவு பம்ப்பின் உடம்பிலேயே அச்சிட்டிருக்கும், அதற்கு மேல் போக வேண்டாம்.

வர்ணப்பட்டறை, கப்பலூர்

பெயிண்ட் கேள்வியை யாரும் எடுக்கவில்லையே. நான் எப்பாக்ஸித் தரை வேலை செய்கிறேன், படகுக்கும் இதே கதைதான்.

எப்பாக்ஸி இறுகும்போது, குறிப்பாகக் காற்றில் ஈரம் இருந்தால், ஹார்டனரில் (இறுகுவதற்காகக் கலக்கும் பாகம்) உள்ள அமீன் என்னும் வேதிப்பொருள் மேலே மிதந்து வந்து மெழுகு போன்ற படலமாகப் படியும். ஈரத்துணியால் துடைத்தால் சோப்பு போல வழுக்கும். எனாமல் காய்வதற்காக அதில் உலோக உப்புகள் சேர்த்திருப்பார்கள். அமீன் அந்த உப்புகளைச் செயலிழக்கச் செய்துவிடுகிறது. அதனால் இன்னும் ஒரு மாதம் காத்திருந்தாலும் உங்கள் எனாமல் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். அதன்மேல் இன்னொரு கோட் அடித்துவிடாதீர்கள்.

ஒட்டும் எனாமலைச் சுரண்டியும் தின்னரால் துடைத்தும் முழுவதும் எடுத்துவிடுங்கள். அடுத்து வெறும் தண்ணீரும் தேய்ப்பானும் கொண்டு நன்றாகக் கழுவுங்கள். அமீன் படலம் தண்ணீரில்தான் கரையும். தின்னர் அதை இழுத்துப் பூசத்தான் செய்யும். எப்பாக்ஸி மட்டும் உள்ள மற்ற இடங்களிலும் உப்புத்தாள் போடும் முன்பே கழுவிவிடுங்கள். கழுவாமல் தேய்த்தால் படலம் கீறலுக்குள் புகுந்துவிடும். காய்ந்த பிறகு 120 நம்பர் உப்புத்தாளில் பளபளப்பு போகும் வரை தேய்த்து, எப்பாக்ஸி பிரைமர், அதன்மேல் இரண்டு பாகம் கலக்கும் பாலியூரிதேன் பெயிண்ட். பெயிண்ட் இல்லாமல் எப்பாக்ஸியை வெயிலில் விடக் கூடாது. புற ஊதாக் கதிர் பட்டால் மஞ்சளித்துச் சுண்ணாம்பு போல உதிரும். வெள்ளையோ வெளிர் நிறமோ தேர்ந்தெடுங்கள். சித்திரை வெயிலில் கருநீலப் பலகையில் கை வைக்க முடியாது, அந்தச் சூட்டில் எப்பாக்ஸியும் இளகும்.

நேரம் பற்றி ஒன்று. வெறும் மரத்தின் மேல் எப்பாக்ஸி பூசுவதைச் சாயங்காலம் வெப்பம் இறங்கும்போது செய்யுங்கள். காலையில் பூசினால் மரத்துக்குள் இருக்கும் காற்று சூடாகி விரிந்து குமிழி குமிழியாக வெளிவரும். பாலியூரிதேனுக்கு நேர் எதிர்: பனி உலர்ந்த பிறகு, முற்பகலில். இரவுப் பனி பட்டால் மினுமினுப்பு போய்விடும். அதன் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. துணி முகக்கவசம் அதைத் தடுக்காது. கரி வடிகட்டி உள்ள முகக்கவசமும் கையுறையும் இல்லாமல் டப்பாவைத் திறக்காதீர்கள்.

திருப்பாலைத் தச்சர்

அக்கா, ஈரத்துணியில் நீங்கள் சொன்ன அதே வழுக்கல் இருக்கிறது. விளக்கு, பம்ப் இவற்றுக்காகப் படகின் மரத்தில் போட்ட துளைகளை என்ன செய்வது?

வர்ணப்பட்டறை, கப்பலூர்

தேவைக்கு மேல் பெரிதாகத் துளைத்து, கெட்டியாகக் கலந்த எப்பாக்ஸியால் அடைத்து, இறுகிய பின் நடுவில் சரியான அளவில் மறுபடி துளையுங்கள். திருகு மரத்தைத் தொடாமல் எப்பாக்ஸிக்குள்ளேயே நிற்கும். எஞ்சின் தொங்கும் பின்பலகையில் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும், அந்த இடம்தான் முதலில் அழுகும். திருகை மாட்டும்போது சுற்றிலும் தண்ணீர் புகாமல் அடைக்க பாலியூரிதேன் சீலன்ட் போடுங்கள். சிலிகான் பட்ட இடத்தில் பிறகு எந்தப் பெயிண்டும் பிடிக்காது.

தொண்டிக் கரைக்காரர்

தம்பி, எங்கள் கடலுக்கு வரப் போகிற படகு என்பதால் நானும் சொல்கிறேன். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. அடியில் இறங்கித் தங்கும், மேலே எழும்பிப் போகாது. பேட்டரியும் சுவிட்சும் டேங்க்கும் ஒரே மூடிய அறைக்குள் இருக்கவே கூடாது. டேங்க்கைத் திறந்த இடத்துக்கு மாற்று. கரையில் இறக்கி வைத்தே பெட்ரோல் நிரப்பு. சாவி திருப்பும் முன் குனிந்து ஒருமுறை மோந்து பார்.

விளக்கு: இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை. இரண்டும் நேர் முன்னிருந்து 112.5 பாகை வரைதான் தெரிய வேண்டும். வெள்ளை விளக்கு நாலாபுறமும் தெரியட்டும், பக்க விளக்குகளைவிட ஒரு மீட்டராவது உயரத்தில் கம்பத்தில் வை. தாழ வைத்தால் உன் கண்ணே கூசி முன்னால் கிடக்கும் வலை தெரியாது. மெதுவாகப் போகிற சின்னப் படகுக்கு வெள்ளை மட்டும் போதும் என்று யாராவது சொல்வார்கள். அந்தச் சலுகை 7 மீட்டர் நீளத்துக்குள், 7 நாட் (மணிக்கு ஏறத்தாழ 13 கி.மீ.) வேகத்தைத் தாண்டவே முடியாத படகுக்கு. 9.9 எஞ்சின் வைத்த 14 அடிப் படகு அதைத் தாண்டிவிடும்.

திருகுகள் எல்லாம் 316 ரக எவர்சில்வராக இருக்கட்டும். 304 உப்புத் தண்ணீரில் பழுப்புப் புள்ளி போடும். ஒவ்வொரு முறை கரையேறியதும் எஞ்சினுக்கு நல்ல தண்ணீர் ஓட்டிக் கழுவு.

திருப்பாலைத் தச்சர்

எல்லாரும் சொன்னபடி செய்துவிட்டேன். டேங்க் முன் இருக்கைக்கு முன்னால் திறந்த இடத்தில், பேட்டரி பெட்டிக்குள் பட்டை கட்டிப் பின்னால். வயர் முழுவதும் புதியது. பேட்டரியில் 12.5 இருக்கும்போது பலகைச் சுவிட்ச் வழியாக ஓடும் பம்பில் இப்போது 12.2 வருகிறது. விளக்குகள் அசையவே இல்லை. மிதவையைக் கையால் தூக்கினால் மெயின் அணைந்திருந்தும் பம்ப் ஓடுகிறது. உள்பக்கம் கழுவித் தேய்த்துப் பிரைமர் அடித்தாயிற்று, விரல் ஒட்டவில்லை. எலக்ட்ரீசியன் ஐயாவுக்கும் அக்காவுக்கும் பெரிய நன்றி.

கடைசியாக ஒரு கேள்வி. தொண்டிக்குக் கொண்டுபோகும் முன் வைகை அணையில் ஒருமுறை மிதக்கவிட்டுப் பார்க்கலாமா?

தொண்டிக் கரைக்காரர்

அணைத் தண்ணீரில் அனுமதி இல்லாமல் இறக்காதே, தம்பி. தெரிந்தவர் தோட்டத்தில் பெரிய பண்ணைக்குட்டை இருந்தால் போதும். எஞ்சினை மாட்டாமல் இறக்கி, உன் எடைக்கும் எஞ்சின் எடைக்கும் மணல் மூட்டை ஏற்றி, அரை நாள் அப்படியே கிடக்கட்டும். பம்பை அணைத்து வை. ஓடிக்கொண்டிருந்தால் எங்கே கசிகிறது என்று தெரியாது. உள்ளே மாவு தூவி வைத்தால் ஈரம் வரும் கோடு தெளிவாகத் தெரியும்.

சிவகங்கை, காளையார்கோவில், திருவாடானை வழியாகத்தானே வருவாய்? எஞ்சினை டிரெய்லரில் தொங்கவிட்டு வராமல் கழற்றிப் படுக்கவைத்து எடுத்து வா. கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்று பலமாக இருக்கும். பாக் நீரிணை ஆழம் குறைந்த கடல், காற்றடித்தால் அலை நெருக்கமாகவும் செங்குத்தாகவும் எழும்பும், 14 அடிப் படகுக்கு அது ஆகாது. தை கழிந்து வா. இரண்டு துடுப்பு, ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட், நங்கூரக் கயிறு மூன்றும் படகில் இருக்கட்டும்.

திருப்பாலைத் தச்சர்

சரி, அண்ணன். பண்ணைக்குட்டைக்கு ஏற்பாடு செய்கிறேன். மாவுக்கோடு எங்காவது தெரிந்தால் படத்தோடு கேட்கிறேன்.