கட்டுநாயக்காவில் இறங்கி மட்டக்களப்புக்கு: கொழும்புக்குள் போவதா, வேண்டாமா?

களுதாவளை மகள்
அக்கா அடுத்த மாதம் டோஹாவிலிருந்து வருகிறார். விமானம் பிற்பகலில் கட்டுநாயக்காவில் இறங்கும். வீட்டில் இரண்டு கட்சி. வான் பிடித்து எல்லாருமாகப் போய்க் கூட்டி வர வேண்டும் என்கிறா அம்மா. 187 பஸ்ஸில் கொழும்பு கோட்டை ஸ்டேஷனுக்குப் போய் இரவு ரயிலில் ஏறினால் விடிய மட்டக்களப்பில் இறங்கலாம் என்கிறேன் நான். ஆனால் அக்கா தனி ஆள், இரண்டு பெரிய பெட்டி. எது நல்லது?

கல்லடிக்காரன்
ரயில்தான் தங்கச்சி, யோசிக்கவே வேண்டாம். முன்பு விமான நிலையத்திலிருந்து கோட்டைக்குப் போவதே பெரும்பாடு. சீதுவை, ஜா-எல, வத்தளை என்று ஒவ்வொரு சந்தியிலும் நிற்க வேண்டும். 2013இல் அதிவேகப் பாதை திறந்த பிறகு பேலியகொடை வரைக்கும் ஒரே ஓட்டம். அங்கிருந்து கோட்டை ஸ்டேஷனுக்குப் பக்கத்திலிருக்கிற புறக்கோட்டைக்குப் போகிற கொஞ்சத் தூரம்தான் பின்னேரத்தில் இழுக்கும். பெட்டிக்கும் ஒரு சீட்டுக் காசு கேட்பார்கள், கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். வாசலில் நின்று "பஸ் இல்லை, டாக்ஸிதான் இருக்கு" என்பவர்களின் பேச்சை எடுக்க வேண்டாம்.

ஏறாவூர் காக்கா
நான் ஹயர் வான் ஓட்டுபவன். என் பிழைப்புக்காகப் பேசுகிறேன் என்று நினைத்தாலும் பரவாயில்லை. வருசக்கணக்காகப் பிள்ளைகளைப் பிரிந்திருந்த பெண், கையில் நகை, கூடவே கயிறு கட்டின இரண்டு பெட்டி. பொழுதுபடுகிற நேரத்தில் புறக்கோட்டைச் சனத்துக்குள் அவ தனியே இழுபட வேண்டுமா? விமானம் பிந்தி ரயில் போய்விட்டால் இரவு எங்கே தங்குவா? வானுக்குக் கொழும்பு பக்கமே போகத் தேவையில்லை. குருநாகலில் திரும்பி நாரம்மலை, கிரியுல்லை, மினுவாங்கொடை வழியாக நேரே விமான நிலையம்.

கல்லடிக்காரன்
காக்கா, மரியாதையோடுதான் கேட்கிறேன். போக 300 கிலோமீட்டர், வர 300 கிலோமீட்டர். அதே சாரதிதான் ஓட்டுகிறார். விமானம் இறங்கும் வரை தரிப்பிடத்தில் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக் கொஞ்சம் கண்ணயர்வதுதான் அவருக்கு நித்திரை. மறுகா இருட்டில் ஹபரணை, மின்னேரியாக் காடு, ரோட்டில் யானை. 2023இல் மனம்பிட்டியில் பஸ் ஆற்றுக்குள் விழுந்து எத்தனை உயிர் போனது! குழந்தை குட்டியோடு வானை நிறைத்துக்கொண்டு அந்த ரோட்டில் ராத்திரியில் வருவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஏறாவூர் காக்கா
நித்திரை விசயத்தில் நீங்கள் சொல்வது நியாயம். இரண்டாவது சாரதி இல்லாமல் நான் இரவு ஓட்டம் எடுப்பதில்லை, எடுக்கிறவர்களிடம் போகவும் வேண்டாம். ஆனால் யானை ரோட்டில் மட்டுமா நிற்கிறது? 2025 பெப்ரவரியில் நம்முடைய மட்டக்களப்புப் பாதையிலேயே ரயில் யானைக் கூட்டத்தில் மோதித் தடம் புரண்டது.

வாழைச்சேனை வாத்தியார்
ரயில் கேட்கிற தங்கச்சியும் கல்லடிக்காரனும் கோட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். விமான நிலையம் கொழும்புக்கு வடக்கே முப்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. நம் ரயிலும் கோட்டையிலிருந்து வடக்கே ராகமவுக்கு வந்துதான் பொல்காவலைப் பக்கம் போகிறது. பிறகு எதற்குத் தெற்கே போய்த் திரும்ப வேண்டும்? ராகமவில் ஏறலாமே.

எனக்குப் பெரிய ஆதங்கம் வேறு. புத்தளம் பாதையில் விமான நிலையத்தின் பேரிலேயே ஸ்டேஷன் இருக்கிறது, ஆனால் விமானம் வந்து போகும் நேரத்தைப் பார்த்து ஒரு ரயில் கிடையாது. சென்னையில் விமான நிலையத்துக்கு எதிரே திரிசூலம் ஸ்டேஷன், 2016 முதல் மெட்ரோவும் உள்ளேயே வருகிறது. வைத்தியத்துக்குப் போகிற நம் சனம் அதில்தான் ஊருக்குள் போகிறது. வளைகுடாவில் உழைத்து நாட்டுக்கு டொலர் அனுப்புகிற பெண்களுக்கு, கட்டுநாயக்காவிலிருந்து ராகமவுக்கு ஒழுங்கான ஒரு ரயில் விடுவது பெரிய காரியமா?

கல்லடிக்காரன்
ரயில் கேட்பதில் உங்களோடு நான், சேர். ராகமவில் ஏறுவதில் இல்லை. அங்கே கோச்சி நிற்பது கொஞ்ச நேரம். கோட்டையில் ஏறினவர்கள் வாசலை அடைத்து நிற்பார்கள். ஒரு பெண் இரண்டு பெட்டியையும் தூக்கி ஏற்றுவதற்குள் விசில் ஊதிவிடும். கோட்டையில் என்றால் வண்டி மேடையிலேயே நிற்கும், ஆறுதலாக ஏறி இடம் பார்த்து வைக்கலாம்.

கல்முனைத் தாத்தா
பேரைப் பார்த்துக் கிழவர் என்று நினைக்க வேண்டாம், எங்கள் பக்கம் தாத்தா என்றால் அக்கா. நான் சவூதியில் வேலை செய்து திரும்பி வந்தவள். வாப்பா வான் பிடித்து வந்திருந்தார். மகனைக் கண்டதும் எனக்குக் களைப்பெல்லாம் போனது, பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த வான் கூலியைக் கொடுத்தது யார்? நான்தான். வழியில் எல்லாருடைய சாப்பாட்டுக் காசும் என் கையால்தான் போனது. மறுகா பிள்ளையின் ஸ்கூல் சாமானுக்குக் கடன் வாங்கினேன். இது எங்களில் கனபேருக்கு நடக்கிறது, வெளியே சொல்வதில்லை. தங்கச்சி, நீங்கள் இங்கே எங்களைக் கேட்பதற்கு முன் அக்காவைக் கேட்டீர்களா?

களுதாவளை மகள்
கேட்டேன் தாத்தா. வான் வேண்டவே வேண்டாம், அந்தக் காசுக்குக் கூரை ஓடு மாற்றலாம் என்றா. அம்மாவும் சம்மதித்துவிட்டா. தம்பி முதல் நாள் இரவு ரயிலில் போய், விமான நிலையத்தில் நிற்பான். இரண்டு பேரும் 187இல் கோட்டைக்குப் போய், இரவு ரயிலில் திரும்புவார்கள்.

ஏறாவூர் காக்கா
தம்பி போவதென்றால் எனக்கும் சம்மதம். ரயிலில் இரண்டு பேருக்கும் இப்பவே ஆசனம் பதியுங்கள், பிந்தினால் கிடையாது. விமானம் பிந்தி ரயில் தவறினால் கொழும்பில் அறை எடுக்க வேண்டாம், புறக்கோட்டையில் மட்டக்களப்பு வழியாகப் போகிற கல்முனை பஸ் பிடிக்கலாம், அது களுதாவளை வழியாகத்தான் வரும்.