சந்து வீட்டுச் சொந்தங்கள்: பாட்டியின் பழைய தொகுதி (குடும்ப வாட்ஸ்அப் குழு, நவம்பர் 2025)

முரளி: எல்லோருக்கும் வணக்கம். எஸ்ஐஆர் (வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம்) படிவம் வேளச்சேரி வீட்டுக்கு வந்துவிட்டது. பாட்டிக்கும் எனக்கும் கீழே பழைய வாக்காளர் பட்டியல் விவரம் கேட்டிருக்கிறார்கள். தொகுதி, பாகம் எண், வரிசை எண். டிசம்பர் 4-க்குள் கொடுக்க வேண்டும். திருவல்லிக்கேணியில் இருந்தபோது நாம் எந்தத் தொகுதி?

சேகர் சித்தப்பா: சேப்பாக்கம்

விஜி அத்தை: திருவல்லிக்கேணி

கார்த்தி: ரெண்டும் ஒன்றுதானே. சேப்பாக்கம்-திருவல்லிக்கேணி. 2021-ல் உதயநிதி ஜெயித்த தொகுதி

பெரியப்பா: கார்த்தி, அது இப்போது. இரண்டையும் சேர்த்தது 2008 தொகுதி மறுவரையறையில். அதற்கு முன்பு சேப்பாக்கம் தனி, திருவல்லிக்கேணி தனி. ஆளுக்கு ஒரு எம்எல்ஏ. சென்னையில் அப்போது 14 தொகுதி, இப்போது 16. மொத்தம் கூடியும் நம் பக்கம் குறைந்தது. 2001 மக்கள்தொகைக் கணக்கை வைத்துப் பிரித்தார்கள். பழைய ஊரில் ஆள் பெருக இடம் ஏது? வேளச்சேரி, விருகம்பாக்கம், கொளத்தூர் என்று அந்தப் பக்கம்தான் பெருகியது, தொகுதியும் அங்கே போனது. இங்கே பூங்கா நகர், புரசைவாக்கம் எல்லாம் பெயரே இல்லாமல் போயின. முரளி தேட வேண்டியது 2002-லோ 2005-லோ நடந்த தீவிரத் திருத்தப் பட்டியல். அதில் பழைய பெயர்தான் இருக்கும். இப்போதைய தொகுதி எண் 19-ஐப் போட்டுத் தேடாதே, வேறு தொகுதி வரும்.

கார்த்தி: 👍

மாலா சித்தி: (பலமுறை பகிரப்பட்டது) அவசரம்!! படிவம் தராதவர்களின் ரேஷன் அட்டை ரத்து! உடனே பத்து பேருக்கு அனுப்பவும்!!

திவ்யா: சித்தி இது பொய். ஓட்டர் பட்டியலுக்கும் ரேஷனுக்கும் சம்பந்தமே இல்லை. தயவுசெய்து வேறு யாருக்கும் அனுப்பாதீர்கள்

மாலா சித்தி: எங்கள் அபார்ட்மென்ட் குழுவில் செயலாளரே போட்டார்

மாலா சித்தி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

முரளி: சரி, சேப்பாக்கமா திருவல்லிக்கேணியா? ஒவ்வொரு பாகமாகத் திறந்து பார்க்க வேண்டியிருக்கிறது. தொகுதி தெரிந்தால் பாதி வேலை மிச்சம்.

பெரியப்பா: அந்தக் காலத்தில் நான் திருச்சியில் வேலையில் இருந்தேன். அதனால் நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஒரு வழி இருக்கிறது. நீங்கள் ஓட்டுப் போட்டபோது வேட்பாளர் பட்டியலில் கலைஞர் பெயர் இருந்ததா? இருந்தால் சேப்பாக்கம். 1996, 2001, 2006 மூன்று முறையும் அவர் அங்கேதான் நின்றார்.

சேகர் சித்தப்பா: இருந்தது. நானே மெஷினில் அமுக்கினேன். 1996

விஜி அத்தை: 96-ல் மெஷின் ஏது? சீட்டு

சேகர் சித்தப்பா: சரி சீட்டு. ஆனால் கலைஞர்தான்

பெரியப்பா: அப்படியென்றால் 96-ல் சேப்பாக்கம் உறுதி. எதிரே காங்கிரஸ் வேட்பாளர் நெல்லை கண்ணன். 35 ஆயிரத்துக்கும் மேல் வித்தியாசம். பதிவான ஓட்டில் முக்கால் பங்கு ஒருவருக்கே விழுந்தது. சின்னத் தொகுதியில் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள். அதற்கு முன்பு 77, 80, 84 மூன்று தேர்தலிலும் அங்கே ஜெயித்தது திமுகவின் ரகுமான்கான். ராஜீவ் படுகொலைக்குப் பிறகு வந்த 1991 தேர்தலில் மட்டும் காங்கிரசின் ஜீனத் ஷெரிபுதீன் ஜெயித்தார். அந்த வருடம் தமிழ்நாடு முழுவதும் திமுகவுக்கு இரண்டே இடம், துறைமுகமும் எழும்பூரும். கலைஞரே துறைமுகத்தில் 890 ஓட்டில்தான் கரை ஏறினார். அடுத்த தேர்தலில் சேப்பாக்கத்துக்கு வந்துவிட்டார்.

கார்த்தி: பெரியப்பா கொஞ்சம் சுருக்கமாக 🙏

திவ்யா: சுருக்க வேண்டாம் பெரியப்பா. நான் படிக்கிறேன்

மாலா சித்தி: ஞாயிறு வளைகாப்புக்குக் கண்ணாடி வளையல் யார் வாங்குவது? பச்சையா சிவப்பா?

விஜி அத்தை: ரெண்டும். சேகர், 96-ல் நாம் சந்து வீட்டிலேயே இல்லை. அது வாடகை வீடு. மாடித் தொட்டி ஒழுகி சமையலறைச் சுவர் பாசி பிடித்திருக்குமே, அந்த வீடு. சந்து வீடு அப்பா ரிடையர் ஆன பணத்தில் பிறகு வாங்கியது

சேகர் சித்தப்பா: யார் பணத்தில் என்பதை இங்கே பேச வேண்டாம்

விஜி அத்தை: நான் பேசவில்லை. வருடத்தைத்தான் சொன்னேன்

சேகர் சித்தப்பா: விற்றதற்கு மட்டும் என் பெயர் வரும்

பெரியப்பா: இரண்டு பேரும் விடுங்கள். முரளி கேட்டது தொகுதி.

முரளி: பட்டியல் போட்டபோது எந்த வீடு அத்தை?

விஜி அத்தை: சந்து வீடு. 2001 தேர்தலுக்கு அப்புறம் குடிபோனோம். திவ்யாவுக்குக் காது குத்தினது அங்கேதான். 2006-ல் அங்கே நின்றது கலைஞர் இல்லை. ஒரு அம்மா, வக்கீல், இரட்டை இலை

பெரியப்பா: பதர் சயீத்! அப்படியென்றால் சந்து வீடு திருவல்லிக்கேணி, சந்தேகமே இல்லை. நான் இதை எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன், யாரும் கவனிப்பதில்லை. 2006-ல் முதலமைச்சர் ஆகப்போகிறவர் சேப்பாக்கத்தில் எட்டாயிரத்து ஐந்நூறு சொச்சம் வித்தியாசத்தில் ஜெயிக்கிறார். ஒட்டினாற்போல இருக்கிற திருவல்லிக்கேணியில் அதே நாளில் அதிமுக ஜெயிக்கிறது. கடற்கரைக் காற்று ஒன்று, தண்ணீர்க் கஷ்டம் ஒன்று, ஓட்டு மட்டும் வேறு. 2001-ல் சேப்பாக்கமே ஆடிப்போயிருந்தது. திமுக பாஜகவோடு கூட்டணி, முஸ்லிம் ஓட்டு நிறைய இருக்கிற தொகுதி, 96-ல் கூட இருந்த தமாகாவும் (தமிழ் மாநில காங்கிரஸ்) அதிமுக பக்கம் போய்விட்டது. 35 ஆயிரம் வித்தியாசம் 5 ஆயிரத்துக்குள் வந்து நின்றது. அந்த ஊர்க்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு போடுபவர்கள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

திவ்யா: 👏

விஜி அத்தை: அம்மா பக்கத்தில்தான் இருக்கிறார். முதல் ஓட்டு நாவலருக்காம்

விஜி அத்தை: (குரல் பதிவு 0:48)

கார்த்தி: பாட்டி குரல் ❤️

பெரியப்பா: கேட்டேன். அது 1967. நெடுஞ்செழியன் திருவல்லிக்கேணியில் 62, 67, 71 என்று மூன்று முறை ஜெயித்தவர். 1969 பிப்ரவரியில் அண்ணா இறந்ததும் ஒரு வாரம் தற்காலிக முதல்வராக இருந்ததும் அவர்தான். ஓட்டுப் போட அப்போது 21 வயது ஆக வேண்டும். அம்மா அந்தக் கணக்கில் சரியாக வருகிறார். ஆனால் முரளி, இதை வைத்து முடிவு செய்ய முடியாது. அப்போது சேப்பாக்கம் என்று ஒரு தொகுதியே கிடையாது. 77-ல்தான் அந்தப் பெயரில் முதல் தேர்தல்.

விஜி அத்தை: அம்மா இன்னொன்றும் சொல்கிறார். அப்பா 2006-ல் இலைக்குப் போட்டாராம்

பெரியப்பா: இருக்காது.

சேகர் சித்தப்பா: எனக்குத் தெரியும்

பெரியப்பா: அப்பா சைக்கிள் ஹேண்டில்பாரில் கருப்பு சிவப்புக் கொடி கட்டியவர். கட்சிக்காரர் யாராவது இறந்தால் ஆபீசுக்கு லீவு போட்டவர்.

சேகர் சித்தப்பா: அண்ணா, அவரே என்னிடம் சொன்னார். வீட்டுப் பத்திரம் விஷயமாகக் கட்சியின் வட்டத்து ஆள் ஒருவரிடம் அலைந்து வெறுத்துப்போயிருந்தார். உங்களிடம் சொல்ல வேண்டாம் என்றார்

விஜி அத்தை: உங்களுக்குத் தெரிந்தால் சாப்பிடாமல் உட்கார்ந்துவிடுவீர்கள் என்றுதான்

மாலா சித்தி: வளையல் எத்தனை டஜன் என்று யாரும் சொல்லவில்லை

முரளி: கிடைத்தது!! திருவல்லிக்கேணி பட்டியல். சந்து வீட்டுக் கதவு எண். தாத்தா பெயர், எங்கள் அப்பா பெயர், விஜி அத்தை, சேகர் சித்தப்பா எல்லாம் வரிசையாக இருக்கிறது

திவ்யா: அண்ணா, உங்கள் அம்மாவுக்கு உடனே அனுப்புங்கள். உங்கள் அப்பா பெயர் அச்சில் இருப்பதைப் பார்த்தால் சந்தோஷப்படுவார்





முரளி: அனுப்பிவிட்டேன். எனக்குப் பிரச்சினை தீர்ந்தது. 2005-ல் எனக்கு 18 ஆகவில்லை, அப்பா விவரத்தை உறவினர் பகுதியில் எழுதிவிடலாம். ஆனால் பாட்டி பெயர் அந்தக் கதவு எண்ணில் இல்லை. முன்னும் பின்னும் நாலு பக்கம் பார்த்துவிட்டேன்.

சேகர் சித்தப்பா: சரோஜா என்று பார்க்காதே. சரோஜினி, சரோசா எல்லாம் பார்

முரளி: பார்த்தேன் சித்தப்பா. இல்லை

பெரியப்பா: விஜி, அம்மாவிடம் ஒன்று கேள். சந்து வீட்டுக்கு வந்த பிறகு ஓட்டுப் போட எங்கே போனார்?

விஜி அத்தை: கேட்கவே வேண்டாம். நாங்கள் எல்லோரும் நடந்து போவோம். அம்மா மட்டும் ஆட்டோவில் பழைய பள்ளிக்கூடத்துக்குப் போவார். முழங்கால் வலி என்று நினைத்துக்கொண்டிருந்தோம்

பெரியப்பா: முழங்கால் இல்லை! அம்மா பெயரை மாற்றவே இல்லை. வாடகை வீட்டு முகவரியிலேயே இருந்திருக்கிறது. அம்மா சேப்பாக்கம் வாக்காளர். ஒரே வீட்டில் அப்பா ஒரு தொகுதி, அம்மா ஒரு தொகுதி. முரளி, சேப்பாக்கம் பட்டியலில் வாடகை வீட்டுத் தெருவைத் தேடு.

சேகர் சித்தப்பா: முதல் மெசேஜிலேயே சேப்பாக்கம் என்றேன்

விஜி அத்தை: நானும்தான் சரியாகச் சொன்னேன்

விஜி அத்தை: அம்மா சிரிக்கிறார். 2006-லும் சூரியனாம். அப்பாவிடம் சொல்லவில்லையாம்

பெரியப்பா: 🙏🙏🙏

முரளி: வாடகை வீட்டுக் கதவு எண் யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? பழைய எண், புதிய எண் இரண்டும் இருக்கும்

பெரியப்பா: அம்மாவின் பழைய வாக்காளர் அட்டையைப் பாருங்கள். பின்பக்கம் முகவரியும் தொகுதியும் அச்சிட்டிருக்கும்.

விஜி அத்தை: அது பத்திரங்களோடு சேகரிடம் போனது

சேகர் சித்தப்பா: பீரோவில் இருக்கலாம்

மாலா சித்தி: ஞாயிறு வளைகாப்புக்கு வரும்போது எடுத்து வருகிறோம்

முரளி: சித்தி, சனிக்கிழமையே வேண்டும். அன்றைக்குப் பள்ளியில் முகாம், பிஎல்ஓ (வாக்குச்சாவடி நிலை அலுவலர்) இருப்பார். அதை விட்டால் அவரைப் பிடிப்பது கஷ்டம்

மாலா சித்தி: சனிக்கிழமை இவர் ஊரில் இல்லை. பீரோ சாவி இவரிடம்

கார்த்தி: நான் நாளைக்கு வந்து எடுத்துக்கொள்ளவா சித்தப்பா?

சேகர் சித்தப்பா: பார்க்கலாம். பத்திரங்களை யாரும் கலைக்கக் கூடாது

விஜி அத்தை: பத்திரம் யாருக்கு வேண்டும்? அட்டை போதும்

முரளி: கார்த்தி, நாளை சாயங்காலம் போ. நான் இதற்குள் தெருவை வைத்துத் தேடிப் பார்க்கிறேன்

மாலா சித்தி: கார்த்தி வரும்போது பச்சை வளையல் மூன்று டஜன் வாங்கி வந்துவிடு. சிவப்பு விஜி அண்ணி