எம்.பி.யைத் திரும்ப அழைக்கும் உரிமை நமக்குச் சரிவருமா?

தெஹிவளைத் தம்பி:
கலிபோர்னியாவில் ஆளுநர் கிரே டேவிஸ் 2002 நவம்பரில் வென்றார். 2003 ஒக்டோபரில் அதே மக்கள் வாக்குப் போட்டு அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். மின்சார நெருக்கடி, பட்ஜெட்டில் துண்டு, வாகன வரி எல்லாம் சேர்ந்த கோபம். அவர் இடத்துக்கு வந்தவர் நடிகர் ஷ்வார்ஸ்நெகர். முந்திய ஆளுநர் தேர்தலில் விழுந்த வாக்குகளில் 12 சதவீதத்துக்குச் சமமான கையெழுத்து சேர்ந்தால் தேர்தல் வைத்தே ஆகவேண்டும். அமெரிக்காவில் 19 மாநிலங்களில் இந்த வழி இருக்கிறது. இங்கே இலங்கையில் நான் விருப்பு வாக்கு (கட்சிப் பட்டியலில் பிடித்த ஆளுக்குப் போடும் வாக்கு) போட்ட ஒருவர் வருடம் முடியுமுன் அந்தப் பக்கம் தாவி அமைச்சரானார். அடுத்த தேர்தல் வரைக்கும் டிவியில் அவர் முகத்தைப் பார்த்ததுதான் மிச்சம். நமக்கு ஏன் இந்த உரிமை இல்லை?

கொட்டாஞ்சேனை மூர்த்தி:
தம்பி, கதையின் மற்றப் பாதியையும் சொல்லுங்கள். அந்த வாக்குச்சீட்டில் 135 பெயர்கள். கையெழுத்து வேட்டைக்குக் காசு கொட்டியவர் டரல் ஐசா என்ற பணக்காரர், அமெரிக்கப் பாராளுமன்றமான காங்கிரஸின் உறுப்பினர். தானே ஆளுநராகலாம் என்று பார்த்தார், நடிகர் குதித்ததும் கமராவுக்கு முன்னால் அழுதுகொண்டு விலகினார். பிறகு 2021இல் அதே மாநிலத்தில் ஆளுநர் கெவின் நியூசமை இறக்கப் பார்த்தார்கள். கிட்டத்தட்ட 62 சதவீதம் பேர் 'இருக்கட்டும்' என்றார்கள். செலவு ஏறக்குறைய 200 மில்லியன் டொலர். உள்ளூராட்சித் தேர்தலுக்கே காசில்லை என்று 2023இல் கைவிரித்த நாடு இது.

வெள்ளவத்தை வாணி:
காசை விடுங்கள் மூர்த்தி அண்ணா. யாரை யார் திரும்ப அழைப்பது? 1977 வரை பெரும்பாலும் தொகுதிக்கு ஓர் உறுப்பினர், இவர் எங்கள் ஆள் என்று கை காட்டலாம். இப்போது கொழும்பு மாவட்டம் முழுவதற்கும் 18 பேர். போதாததற்கு, நாடு முழுவதும் விழுந்த வாக்குக்கேற்பக் கட்சிகள் அனுப்பும் தேசியப் பட்டியலில் 29 பேர், அவர்களுக்கு எந்த ஊரும் இல்லை.

தெஹிவளைத் தம்பி:
அக்கா, அதுதான் நமக்கு வசதி. இடைத்தேர்தலே வேண்டாம். ஒருவர் போனால் அதே கட்சியில் விருப்பு வாக்கில் அடுத்து நிற்பவர் வருவார். இப்போதும் வெற்றிடம் அப்படித்தானே நிரம்புகிறது? செலவு கையெழுத்துக்கும் ஒரு நாள் வாக்கெடுப்புக்கும் மட்டும்.

வெள்ளவத்தை வாணி:
சரி, அப்போது கையெழுத்து சேர்ப்பது யார் என்று நினைக்கிறீர்கள்? அந்த அடுத்தவர்தான்! விருப்பு வாக்குச் சண்டையில் ஒரே கட்சிக்காரர்கள் ஒருவர் போஸ்டரை ஒருவர் கிழிப்பது தேர்தல் மாதத்தோடு முடிகிறது. இதைக் கொண்டுவந்தால் ஐந்து வருடமும் கிழிப்பார்கள்.

மாளிகாவத்தை நானா:
எல்லோரும் சுற்றிப் போகிறீர்கள், நான் நேராகக் கேட்கிறேன். கொழும்பு மாவட்டத்தில் தமிழர், முஸ்லிம்கள் வாக்கைச் சேர்த்து நாம் ஒருவரை உள்ளே அனுப்புகிறோம். அவர் நமக்காக வாய் திறந்தால் மாவட்டத்தில் 10 சதவீதம் கையெழுத்து எடுப்பது பெரும்பான்மைக்கு ஒரு வாரத்து வேலை. அதற்குப் பிறகு வாக்கெடுப்பும் மாவட்டம் முழுக்க. அவரை அனுப்பியவர்கள் நாம், இறக்குகிறவர்கள் அவர்கள். அவருக்கு வாக்குப் போட்டவர் மட்டும் கையெழுத்துப் போடலாம் என்று சட்டம் வைக்கவும் முடியாது, வாக்கு இரகசியம்.

தெஹிவளைத் தம்பி:
நானா, இது எனக்குத் தோன்றவேயில்லை. அப்படியென்றால் பிரித்தானிய முறையைப் பார்ப்போம். அங்கே 2015 சட்டப்படி சும்மா பிடிக்கவில்லை என்று தொடங்க முடியாது. சிறைத் தண்டனை, செலவுக் கணக்கில் பொய், அல்லது சபையிலிருந்து பத்து அமர்வு நாட்கள் இடைநிறுத்தம், இதில் ஒன்று நடக்கவேண்டும். பிறகு ஆறு வாரத்தில் தொகுதி வாக்காளரில் 10 சதவீதம் கையெழுத்து. 2019இல் பீட்டர்பரோ உறுப்பினர் அப்படித்தான் பதவி இழந்தார்.

வெள்ளவத்தை வாணி:
இடைநிறுத்துவது யார்? சபை. சபை யார் கையில்? 1980இல் முன்னாள் பிரதமர் சிறிமாவோவின் குடியியல் உரிமையை ஏழு வருடத்துக்குப் பறித்து வெளியே தள்ளியதும் பாராளுமன்றப் பெரும்பான்மைதான். தாவுகிறவரைப் பிடிக்க ஏற்கெனவே ஒரு வழி இருக்கிறது: கட்சி நீக்கினால் ஒரு மாதத்தில் ஆசனம் போகும். அதற்குள் அவர் உயர் நீதிமன்றம் போவார், விசாரணையை ஒழுங்காக நடத்தவில்லை என்று நிரூபித்துத் தப்புவார்.

தெஹிவளைத் தம்பி:
அப்போது நாம் என்னதான் செய்வது? 1977இல் தெரிவான பாராளுமன்றம் 1982 டிசம்பரில் 'விளக்கா (ஆம்), குடமா (இல்லை)' என்று ஒரு வாக்கெடுப்பு வைத்து ஆறு வருடம் நீட்டிக்கொண்டது. 2022இல் காலிமுகத்திடலில் மாதக்கணக்காக நின்றும், வீட்டுக்குப் போ என்று சொல்லச் சட்டத்தில் வாக்காளருக்கு ஓர் இடமும் இருக்கவில்லை. கடைசியில் மாளிகைக்குள் புகுந்துதான் ஜனாதிபதி கோட்டாபயவை அனுப்பினார்கள். அதைவிடக் கையெழுத்து மோசமா?

கொட்டாஞ்சேனை மூர்த்தி:
கையெழுத்து என்றால் பெயர், விலாசம், அடையாள அட்டை இலக்கம் தம்பி. 83 ஜூலையில் தமிழரைத் தாக்கியவர்கள் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாக வந்தார்கள். எங்கள் ஒழுங்கையில் அதைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அமைச்சருக்கு எதிரான தாளில் என் விலாசத்தை எழுதச் சொன்னால் என் கை போகாது.

மாளிகாவத்தை நானா:
மாகாண சபையில் பரீட்சித்துப் பார்க்கலாம் என்று எழுத வந்தேன். மேல் மாகாணத்துக்குக் கடைசித் தேர்தல் 2014 மார்ச்சில். திரும்ப அழைக்க அங்கே ஆளே இல்லை.

தெஹிவளைத் தம்பி:
சரி, பாராளுமன்றத்தை விடுகிறேன். மாநகர சபை, பிரதேச சபைகளில் 2018 தேர்தலிலிருந்து 60 சதவீதம் வட்டார உறுப்பினர்கள். ஒரு வட்டாரத்துக்கு ஓர் ஆள், முகம் தெரிந்த வாக்காளர்கள், நானா சொன்ன மாவட்டக் கணக்கும் இங்கே இல்லை. இந்தியாவில் மத்தியப் பிரதேசத்திலும் சத்தீஸ்கரிலும் நகராட்சித் தலைவர்களைத் திரும்ப அழைக்க வாக்கெடுப்புகள் நடந்திருக்கின்றன. நாமும் வட்டாரங்களிலிருந்து தொடங்கினால் என்ன?

வெள்ளவத்தை வாணி:
இரண்டு மூன்று உறுப்பினர் வருகிற வட்டாரங்களும் இருக்கின்றன. ஆனால் இதைப் பற்றிக் கதைக்கலாம்.

கொட்டாஞ்சேனை மூர்த்தி:
வட்டாரம் என்றால் நானும் வருகிறேன். எங்கள் வீட்டுக்கு முன்னால் கான் அடைத்து மூன்று மாதம், ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. ஆனால் 10 சதவீதம் போதாது, 30 வையுங்கள். முதல் வருடம் ஒருவரையும் தொடக்கூடாது. கையெழுத்தைத் தேர்தல் அலுவலகத்தில் போய்ப் போடவேண்டும், வீட்டு வாசலுக்குத் தாள் வரக்கூடாது.