பிளக்-இன் வயர்லெஸ்: சவுண்ட் செக்கில் சரி, கூட்டம் வந்ததும் சிக்னல் அறுகிறது – உதவி தேவை

ஆறாம்தந்தி:
வணக்கம். டிரான்ஸ்மிட்டரைக் கிட்டார் ஜாக்கில் நேரடியாகச் செருகும் வகை வயர்லெஸ், 2.4 கிகாஹெர்ட்ஸ். கிட்டாரில் சிங்கிள் காயில் பிக்கப் (தந்தியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் ஒற்றைச் சுருள்). ரிசீவர் பெடல்போர்டில் (எஃபெக்ட் பெடல்களை அடுக்கிய பலகை), தரையோடு தரையாக இருக்கிறது. அதிலிருந்து ஃபஸ், ஓவர்டிரைவ் (இரண்டும் ஒலியைக் கரகரப்பாக்கும் பெடல்கள்), டிலே (எதிரொலி), பிறகு ஆம்ப்.

சவுண்ட் செக்கில் 10 மீட்டர் தள்ளி நின்றாலும் ஒரு குறையும் இல்லை. அரங்கம் நிறைந்ததும் 4 மீட்டரிலேயே விட்டு விட்டு வருகிறது. ஆம்ப் பக்கம் திரும்பினால் இன்னும் மோசம். அடுத்தது, கேபிளில் கேட்ட டோன் இல்லை. எல்லாம் கூர்மையாகக் குத்துகிறது, ஃபஸ் போட்டால் தகரச் சத்தம். ரிசீவரை சார்ஜரில் போட்டபடி வாசித்தால் மெல்லிய கீச்சொலியும் சேர்ந்துகொள்கிறது. கருவியே பழுதா?

மின்னோட்டம்:
பழுது மாதிரி தெரியலைங்க. மூணுக்கும் மூணு தனிக் காரணம். ஒரே நேரத்துல எல்லாத்தையும் மாத்திப் பார்த்தா எது எதைச் சரி பண்ணுச்சுன்னே தெரியாது. முதல்ல சிக்னலை முடிச்சிருவோம்.

2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை மனுஷ உடம்பு நல்லா உறிஞ்சிடும். உடம்புல பெரும்பகுதி தண்ணிங்கறதுதான் காரணம். நீங்க ஆம்ப் பக்கம் திரும்பும்போது டிரான்ஸ்மிட்டருக்கும் பெடல்போர்டுக்கும் நடுவுல உங்க உடம்பே சுவரா நிக்குது. காலி அரங்கத்துல சுவர், கூரைன்னு பட்டுத் திரும்பி வர்ற அலை அந்தக் குறையை ஈடுகட்டிடும். கூட்டம் வந்ததும் அதுவும் குறையுது, கூடவே அத்தனை பேர் கையிலயும் போன், வைஃபை, புளூடூத் எல்லாமே அதே 2.4-ல.

ரிசீவரைத் தரையிலிருந்து எடுங்க. ஆம்ப் மேலயோ மைக் ஸ்டாண்டுலயோ இடுப்பு உயரத்துக்கு மேல வச்சு, அங்கிருந்து 3 மீட்டர் கேபிள்ல பெடல்போர்டுக்குக் கொண்டு வாங்க. ஆம்ப் பின்பக்கம், இரும்புப் பெட்டிக்குள்ள, பவர் சப்ளைக்கு ஒட்டி வைக்காதீங்க. அட்டையில போட்டிருக்கிற 30 மீட்டர் எல்லாம் நடுவுல தடையே இல்லாத வெட்டவெளிக் கணக்கு.

இன்னொண்ணு கேக்கணும். மிக்ஸரை டேப்லெட்ல இயக்குறாங்களா? அதோட ரவுட்டர் எங்க இருக்கு?

ஆறாம்தந்தி:
ஆமாம், டிஜிட்டல் மிக்ஸர். ரவுட்டர் மேடையிலேயே, என் பெடல்போர்டிலிருந்து கை எட்டும் தூரத்தில் இருக்கிறது. சவுண்ட் செக் முடிந்த பிறகுதான் டேப்லெட்டை இணைக்கிறார்கள்.

மின்னோட்டம்:
அப்போ பாதி விடை அங்கேயே இருக்கு. ரிசீவர் காதுல ரவுட்டர் கத்திக்கிட்டே இருந்தா தூரத்து டிரான்ஸ்மிட்டர் கேக்காது. ரவுட்டரை குறைஞ்சது 3 மீட்டர் தள்ளி வைக்கச் சொல்லுங்க. அதைவிட நல்லது, 2.4-ஐ அணைச்சுட்டு 5 கிகாஹெர்ட்ஸ்ல மட்டும் ஓடவிடச் சொல்றது. 2.4-ஐ விடவே முடியாதுன்னா "ஆட்டோ" வேண்டாம், சேனல் 1 அல்லது 11-ல நிறுத்திட்டா அலைவரிசைப் பட்டையோட மறுபக்கம் உங்களுக்கு மிஞ்சும். பிறகு டேப்லெட் இணைஞ்சு ஓடுற நிலையிலயே உங்க டிரான்ஸ்மிட்டர்-ரிசீவர் ஜோடியை மறுபடி இணைச்சு சேனலைத் தேர்ந்தெடுங்க. எதுவுமே ஓடாதப்போ காலியா தெரியற சேனல் நிகழ்ச்சி நேரத்துல காலியா இருக்காது.

5.8 கிகாஹெர்ட்ஸ் கருவி வச்சிருக்கிறவங்களுக்கு இது தலைகீழ்: ரவுட்டரோட 149 முதல் 165 வரை உள்ள சேனல்கள் அதே இடத்துல விழும், அதனால 36-லிருந்து 48-க்குள்ள வைக்கச் சொல்லணும்.

உங்க போனையும் பாக்கெட்ல வச்சுக்கிட்டு வாசிக்காதீங்க.

தந்தியிசை:
டோன் விஷயத்துக்கு வருகிறேன். கேபிள் வெறும் கம்பி இல்லை. ஒரு மீட்டருக்கு சுமார் 100 பிகோஃபாரட் கெப்பாசிட்டன்ஸ் (மின்னூட்டத்தைத் தேக்கும் தன்மை) அதில் உண்டு. 5 மீட்டர் கேபிள் என்றால் 500 பிகோஃபாரட் பிக்கப்பின் மேல் சுமையாக உட்கார்ந்து, உச்ச ஸ்தாயியைக் கொஞ்சம் மழுக்குகிறது. நம் காது பழகிய கிட்டார் டோன் அந்த மழுக்கலையும் சேர்த்துத்தான். டிரான்ஸ்மிட்டரில் அந்தச் சுமை கிடையாது, எனவே ட்ரெபிள் முழுசாக வெளியே வருகிறது.

கருவியில் "கேபிள் டோன்" (கேபிளின் மழுக்கலைப் போலச் செய்யும்) வசதி இருந்தால் அதைப் போடுங்கள். இல்லையென்றால் 470 பிகோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றை கிட்டார் ஜாக்கின் டிப் (சிக்னல் முனை), ஸ்லீவ் (கிரவுண்டு முனை) இரண்டுக்கும் குறுக்கே சால்டர் செய்யலாம். ஜாக்கிலேயே செய்ய வேண்டும். ரிசீவருக்குப் பின்னால் போட்டால் ஒரு பயனும் இல்லை, ஏனென்றால் அங்கே வெளியாகும் சிக்னல் குறைந்த இம்பீடன்ஸ் (மாறுமின்னோட்டத்துக்கான எதிர்ப்பு) கொண்டது, அதை இவ்வளவு சின்ன கெப்பாசிட்டர் அசைக்காது. கேபிளிலும் அதே கிட்டாரை வாசிப்பீர்கள் என்றால் சின்ன சுவிட்ச் ஒன்றும் சேர்த்துவிடுங்கள்.

வால்யூம் பாட்டில் (வால்யூம் குமிழின் உள்ளே இருக்கும் பாகம்) ட்ரெபிள் பிளீட் கெப்பாசிட்டர் இருக்கிறதா என்றும் பாருங்கள். கேபிள் விழுங்கும் ட்ரெபிளை ஈடுகட்ட வைத்தது அது. வயர்லெஸ்ஸில் வால்யூமைக் குறைத்ததும் சத்தம் இன்னும் மெலிந்து கேட்டால், குற்றவாளி அதுதான்.

ஃபஸ்? அது வேறு கதை. பழைய இரண்டு டிரான்சிஸ்டர் ஃபஸ்ஸின் இன்புட் இம்பீடன்ஸ் மிகவும் குறைவு. பிக்கப் சுருளையே தன் சர்க்யூட்டின் ஒரு பகுதியாக எடுத்துக்கொள்ளும் வடிவமைப்பு அது. நடுவே வயர்லெஸ் வந்ததும் அந்த உறவு அறுந்துபோகிறது; வால்யூமைக் குறைத்து ஃபஸ்ஸைச் சுத்தமாக்கும் வித்தையும் சரியாகப் பலிக்காது. ரிசீவருக்கும் ஃபஸ்ஸுக்கும் நடுவே தொடராக 10 கிலோஓம் ரெசிஸ்டர் வைத்தால் கரகரப்பு ஓரளவு தணியும். பிக்கப் சிமுலேட்டர் சர்க்யூட் அதைவிட நன்றாகவே வேலை செய்கிறது. இரண்டும் போதவில்லை என்றால், வயர்லெஸ் போல குறைந்த இம்பீடன்ஸில் சிக்னல் தரும் பஃபருக்குப் பின்னாலும் ஒத்துழைக்கும் வேறு ஃபஸ்தான் வழி.

சால்டர்புகை:
கீச்சொலிக்கு ஒரு நிமிட சோதனை: சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் வாசிங்க. நின்னுடுச்சுன்னா சார்ஜர் வழியாத்தான் வருது. ரிசீவரும் பெடல்களும் ஒரே சப்ளையில, கிரவுண்டு பொதுவா இருக்கும்போது டிஜிட்டல் சர்க்யூட்டோட இரைச்சல் ஆடியோ கிரவுண்டுக்குள்ள ஏறிடும். டெய்சி செயின் (ஒரே வயர்ல எல்லாத்துக்கும் கரண்ட் கொடுக்கிறது) வேண்டாம், தனித்தனியா ஐசொலேட் பண்ணின அவுட்புட்ல கொடுங்க. தனி பவர் பேங்க் வச்சாலும் தீரும், ஆனா கரண்ட் ரொம்பக் கம்மியா இழுத்தா சில பவர் பேங்க் தானாவே அணைஞ்சிடும். மேடைக்கு முன்னாடி வீட்டுல அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்துடுங்க.

ஆறாம்தந்தி:
ரவுட்டரை 5-க்கு மாற்றி, ரிசீவரை ஆம்ப் மேல் வைத்தேன், அறுபடவே இல்லை. கீச்சொலி சார்ஜரால்தான். ஜாக்கில் கெப்பாசிட்டர் இனிதான். இதே கருவியை ஆக்டிவ் பேஸில் (பேட்டரியில் ஓடும் ப்ரீஆம்ப் உள்ள பேஸ் கிட்டார்) செருகினால் "ஸ்ஸ்" என்று வருகிறது, அது எதனால்?

சால்டர்புகை:
டிரான்ஸ்மிட்டர் ஆன்டெனா பேஸ் உள்ள இருக்கிற ப்ரீஆம்ப்புக்குப் பக்கத்துலயே இருக்கு, ரேடியோ அலை உள்ள புகுந்துடுது. ஒரு முனையில பெண் ஜாக் உள்ள 30 செ.மீ. மோனோ கேபிள் போட்டு, டிரான்ஸ்மிட்டரை ஸ்ட்ராப்புல மாட்டுங்க. பெரும்பாலும் அதோட போயிடும். பிளக்ல ரெண்டு கறுப்பு வளையம் இருக்கிற டிரான்ஸ்மிட்டர்னா இது இன்னும் அவசியம், ஏன்னா ஆக்டிவ் பேஸோட ஜாக் ஸ்டீரியோ வகை, அதோட ரிங்லதான் பேட்டரியோட மைனஸ் வந்து சேருது; மோனோ பிளக் செருகினாத்தான் அது ஸ்லீவோட சேர்ந்து ப்ரீஆம்ப் ஓடும்.

வேகமா அடிக்கும்போது மட்டும் உடையுற மாதிரி சத்தம் வந்தா அது வேற, சிக்னல் அளவுக்கு மீறி இன்புட் கிளிப் ஆகுது. பேஸ் வால்யூமை 7-க்கு இறக்குங்க. வாசிச்சு முடிச்சதும் பிளக்கை எடுத்துடுங்க. செருகியே வச்சா ப்ரீஆம்ப் பேட்டரி ராத்திரி முழுக்க ஓடிட்டே இருக்கும்.